டிஸ்டெம்பர்: ஒரு பெயர் வந்த வழி

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பேச்சை எடுத்தால் சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா என்றுதான் பெயிண்டர் முதலில் கேட்பார். மூக்கு ஒழுகி, கண்ணில் பீளை கட்டி, சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினால் அங்கேயும் இதே சொல் காதில் விழும். சுவரில் பூசுவதற்கும் குட்டியைக் கொல்வதற்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவற்றில் நோயின் பெயர் வந்த வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் நாய் வளர்ப்போர் கூடிப் பணம் போட்டு ஒரு ஆராய்ச்சியை நடத்தாமல் இருந்திருந்தால், அந்தப் பெயருக்கு உறுதியான பொருள் கிடைக்க இன்னும் எத்தனையோ காலம் ஆகியிருக்கும்.

வேர் இலத்தீன். ‘டெம்பராரே’ என்ற வினைக்கு அளவறிந்து கலத்தல் என்று பொருள். கொதிநீரில் பச்சைத் தண்ணீரை விளாவிக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவருகிறோமே, அந்த விளாவுதல்தான் இந்த வினையின் உயிர். பின்னால் வெப்பநிலைக்கு டெம்பரேச்சர் என்றும், ஆளின் இயல்புக்கு டெம்பரமென்ட் என்றும் இதிலிருந்து சொற்கள் பிறந்தன. பட்டறையில் உளியைக் காய்ச்சித் தோய்த்து ‘டெம்பர்’ ஏற்றுவதும், ‘அவருக்கு டெம்பர் ஜாஸ்தி’ என்று நாம் பேசிக்கொள்வதும் இதே குடும்பம்தான். தமிழில் ‘பதம்’ என்ற சொல் எங்கெல்லாம் நுழையுமோ, ஏறக்குறைய அங்கெல்லாம் இந்த டெம்பரும் நுழைந்திருக்கிறது.

முன்னால் ‘டிஸ்’ சேர்ந்த பிறகு, இடைக்கால இலத்தீனில் இந்தச் சொல் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. ஒரு பக்கம், நீரில் ஊறவைத்துக் கரைத்தல். இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஓவியர் கையில் சிக்கியது. சுண்ணக்கட்டித் தூளையும் நிறப்பொடியையும் பசைநீரில் கரைத்துப் பூசினால் அது டிஸ்டெம்பர். நம் சுவருக்கு வந்தது இந்தக் கிளை.

மறுபக்கம், கலவை கெட்டுப்போதல். கிரேக்க மருத்துவம் உடம்பை நான்கு நீர்மங்களின் கலவையாகக் கண்டது: குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இரண்டாம் நூற்றாண்டில் காலன் என்ற கிரேக்க மருத்துவர் இதை முறைப்படுத்தி எழுதிவைத்தார். அதன்பிறகு ஐரோப்பா ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சொல்லைத் தட்டவில்லை. வாதம், பித்தம், கபம் என்று மூன்றின் ஏற்றத்தாழ்வை வைத்து நோயைப் பார்க்கும் நமக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. நான்கும் அளவோடு கலந்திருந்தால் ஆரோக்கியம், அளவு தப்பினால் நோய். அந்த அளவு தப்பிய நிலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் டிஸ்டெம்பர். ஆக, தொடக்கத்தில் அது எந்த ஒரு நோயின் பெயராகவும் இல்லை. ‘உடம்பு சரியில்லை’ என்று நாம் சொல்வது எவ்வளவு பொதுவோ, அவ்வளவு பொதுவான சொல். மனம் கலங்கினாலும் டிஸ்டெம்பர்தான், நாட்டில் குழப்பம் வந்தாலும் டிஸ்டெம்பர்தான். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அரசியல் பேசுவோர் வாயிலும் இந்தச் சொல் புழங்கியது.

மனிதரின் நோய்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் கிடைக்கக் கிடைக்க, இந்தப் பொதுச்சொல் மெல்ல விலங்குகளின் பக்கம் ஒதுங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தபோது அதையும் டிஸ்டெம்பர் என்றே எழுதினார்கள். அது நம் ஊரில் வெக்கை நோய் என்று பேரெடுத்த மாட்டுக்கொள்ளை. குதிரைக்குத் தொண்டைக்கட்டி வந்தாலும் டிஸ்டெம்பர், பூனைக்குக் குடல்நோய் வந்தாலும் டிஸ்டெம்பர். நாய்களைப் பிடித்த கொள்ளைநோயும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாக வந்து நின்றது.

நாய்நோய் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்கள் தென் அமெரிக்காவைச் சுட்டுகிறார்கள். அந்தோனியோ தெ உயோவா என்ற ஸ்பானியக் கடற்படை அறிஞர் 1748-ல் வெளியான தம் பயண நூலில், அங்குள்ள நாய்களிடையே பரவும் ஒரு தொற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் ஸ்பெயினிலும் பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் நாய்கள் சாகத் தொடங்கின.

இங்கிலாந்தில் இதை முதலில் கருத்தாகக் கவனித்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஜென்னர். பெரியம்மைக்குப் பசுவம்மை ஊசி கண்ட அதே ஜென்னர். 1809-ல் லண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் நாய்களின் டிஸ்டெம்பரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேட்டைநாய்க் கூட்டங்களில் நேரில் பார்த்ததை வைத்து எழுதிய கட்டுரை அது. அதில் இரண்டு செய்திகள் இன்றைக்கும் வியப்பூட்டுகின்றன. ஒன்று, இந்த நோயையும் வெறிநோயையும் பிரித்தறிய வேண்டும் என்று அவர் வலியுறுத்தியது. டிஸ்டெம்பர் முற்றினால் நாய்க்கு வலிப்பு வரும், வாயில் நுரை தள்ளும். பார்ப்பவர்கள் வெறி என்றே நினைத்துக்கொள்வார்கள். கடிபட்டவனின் உயிர்ப்பயமே அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருந்தது. மற்றொன்று, மனிதரிடையே பெரியம்மையும் தட்டம்மையும் எப்படித் தொற்றுமோ நாய்களிடையே இது அப்படித் தொற்றும் என்று அவர் ஒப்பிட்டது. டிஸ்டெம்பர் வைரஸ் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு என்று நிறுவப்பட ஒன்றரை நூற்றாண்டு ஆகும் என்பதை நினைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டைப் படிக்க வேண்டும்.

மற்ற மொழிகள் என்ன செய்தன? ஸ்பானிய மொழி கண்ணில் பட்டதை வைத்துப் பெயரிட்டது: ‘மொக்கியோ’. மூக்குச்சளியைக் குறிக்கும் ‘மொக்கோ’விலிருந்து வந்த குறுஞ்சொல் அது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கண்டவரின் பெயரால் ‘காரே நோய்’ என்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் செத்துப்போன ஒரு மருத்துவக் கோட்பாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் பொதுவாக இருந்ததால் நாய்க்கு வருகிற சளி, இருமல், கழிச்சல், வலிப்பு எல்லாவற்றையும் அதற்குள் போட்டு மூடிவிட முடிந்தது. டிஸ்டெம்பர் என்பது ஒரு நோயா, பத்து நோயா என்றே தெரியாத நிலை.

1905-ல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஆன்ரி காரே, நோயுற்ற நாயின் மூக்குநீரை நுண்ணிய வடிகட்டியில் செலுத்தினார். பாக்டீரியாக்கள் தங்கிவிட்டன. வடிந்த தெளிநீர் மட்டும் மற்ற நாய்களுக்கு நோயைக் கொடுத்தது. கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத ஏதோ ஒன்று, அதாவது வைரஸ், என்றார். ஆனால் எடுபடவில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேறு சிலர் நோயுற்ற நாய்களின் மூச்சுக்குழலில் ஒரு பாக்டீரியாவைத் தொடர்ந்து கண்டு, அதுதான் காரணம் என்று சாதித்தார்கள். அந்தக் கட்சிக்கே ஆள்பலம் கூடியது. அந்தப் பாக்டீரியாவை வைத்துத் தடுப்பூசிகள் விற்பனைக்கும் வந்தன. போட்டுக்கொண்ட நாய்கள் வழக்கம்போலச் செத்தன.

வழக்கு தீராமலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடின. அடிப்படைச் சிக்கல் நாயேதான். நோயைச் சோதிக்க வேண்டுமென்றால் இதற்குமுன் அந்த நோயே படாத நாய் வேண்டும். டிஸ்டெம்பரோ ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. கடையில் வாங்கிய நாய் முன்பே நோய்கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றதா, வருகிற வழியில் தொற்றிக்கொண்டு வந்ததா, யாருக்குத் தெரியும்? சுத்தமான நாய்களைப் பிறப்பிலிருந்தே வளர்க்க இடமும் ஆளும் ஆண்டுக்கணக்கில் செலவும் வேண்டும். நாயின் நோய்க்கு அவ்வளவு பணத்தை எந்த அரசு கொடுக்கும்?

பணம் ஒரு பத்திரிகை வழியாக வந்தது. ‘தி ஃபீல்ட்’ 1853-ல் வாரப்பத்திரிகையாகத் தொடங்கியது. வேட்டை, மீன்பிடி, குதிரை, நாய், நாட்டுப்புற வாழ்க்கை எல்லாம் அதன் பக்கங்களில் வரும். நிலப்பிரபுக்களும் வேட்டைநாய்க் கூட்டம் வைத்திருப்போரும் படிப்பது. 1920-களின் தொடக்கத்தில் அதன் ஆசிரியர் சர் தியடோர் குக். வாள்வீச்சு வீரர், 1920 ஒலிம்பிக்கின் இலக்கியப் போட்டியில் வெள்ளி வென்றவர். அப்போது ஒலிம்பிக்கில் இலக்கியத்துக்கும் பதக்கம் இருந்தது. 1923-ல் அந்தப் பத்திரிகையின் முயற்சியில் ‘ஃபீல்ட் டிஸ்டெம்பர் நிதி’ உருவாயிற்று. ஒரு பத்திரிகையின் பெயரும் ஒரு நோயின் பெயரும் சேர்ந்து ஒரு நிதியின் பெயரான கதை இது. நரிவேட்டைக் கூட்டங்கள், நாய் வளர்ப்போர் சங்கங்கள், செல்வந்தர்கள், வீட்டில் ஒரே ஒரு நாய் வைத்திருந்தவர்கள் எனப் பல தரப்பாரும் பணம் அனுப்பினார்கள்.

அவர்களுக்கு வலித்த இடம் தெரியும். நரிவேட்டைக் கூட்டங்களில் குட்டிகளைப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பி வளர்க்கும் வழக்கம் உண்டு. ஓராண்டு ஓடி விளையாடி, கொழுகொழுவென்று வளர்ந்த குட்டிகள் திரும்பிவந்து கொட்டடியில் ஒன்றாகச் சேர்ந்ததும் டிஸ்டெம்பர் புகுந்து வாரிக்கொண்டு போகும். வளர்த்துக் கொடுத்த பண்ணைவீட்டுக் குழந்தைகளுக்கும் அது இழவுதான்.

இந்த நிதியின் ஏற்பாட்டை நான் மதிக்கும் காரணம் வேறு. ஆராய்ச்சி அறியாத அவர்கள் தாங்களே மருந்து தேடப் புறப்படவில்லை. போலி வைத்தியர்களிடமும் பணத்தைக் கொட்டவில்லை. அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தோடு கைகோத்தார்கள். பணம் நாய்ப்பிரியர்களுடையது, அறிவியல் மன்றத்தினுடையது. மன்றத்தின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு லண்டனின் வடபுறம் மில் ஹில்லில் பண்ணை ஆய்வுக்கூடம் இருந்தது. வேலை அங்கே நடந்தது. பொறுப்பேற்ற இருவரில் பேட்ரிக் லெய்ட்லா மனித மருத்துவம் படித்தவர். ஜார்ஜ் டங்கின் கால்நடை மருத்துவர்.

முதலில் அவர்கள் தேடியது நாய்க்குப் பதில் வேறொரு விலங்கை. கிடைத்தது ஃபெரட். கீரியைப் போல நீண்ட உடம்பும் குட்டைக் கால்களும் கொண்ட பிராணி. பொந்திலிருந்து முயலைத் துரத்த அதை ஏவுவது அந்நாட்டு வேட்டைக்காரரின் பழக்கம். அதற்கு டிஸ்டெம்பர் தொற்றினால் ஏறக்குறைய எப்போதும் சாவுதான், அதுவும் கணக்குத் தவறாமல். ஊசி போட்ட ஒன்பதாம் பத்தாம் நாள் கண்ணும் மூக்கும் ஒழுகத் தொடங்கும், முகவாயின் அடித்தோல் சிவக்கும், உள்ளங்கால் தடிக்கும். நாயில் பத்து வேடம் போட்ட நோய் ஃபெரட்டில் ஒரே முகத்தோடு நின்றது. வடிகட்டிய தெளிநீரே போதும், பாக்டீரியா தேவையில்லை. 1926-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, காரே சொன்னதுதான் சரி என்று நிறுவியது. பாக்டீரியாக்கள் வைரஸ் உடைத்த வீட்டில் பின்னால் புகுந்த திருடர்கள்.

நாய்களுக்கென்று தனி வளாகம் கட்டினார்கள். அங்கேயே பிறந்து, வெளிநாய் எதையும் முகர்ந்தும் அறியாமல் வளர்ந்த நாய்கள். பார்த்துக்கொள்ளும் ஆட்கள் குளித்து, உடுப்பு முழுவதையும் மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தும்மலிலேயே பரவுகிற நோய்க்கு இவ்வளவு காவல் இல்லாமல் ஒரு முடிவையும் நம்ப முடியாது. கொடையாளரின் காசில் பெரும்பங்கை இந்த வேலியும் குளியலறையும் தீவனமும் விழுங்கியிருக்கும். படம் எடுத்துப் போட்டுப் பெருமைப்பட ஒன்றுமில்லாத செலவுகள். ஆனால் டிஸ்டெம்பர் என்ற சொல்லுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தவை இவைதாம். அதுவரை கூடைபோல எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெயர், 1926-க்குப் பிறகு ஒரே ஒரு வைரஸ் உண்டாக்கும் ஒரே ஒரு நோயின் பெயரானது.

1928-ல் தடுப்பு முறை தயார். நோயுற்ற நாயின் மண்ணீரல் முதலான உறுப்புகளை அரைத்து, ஃபார்மலின் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்து முதல் ஊசி. சில நாள் இடைவெளி விட்டு, உயிருள்ள வைரஸைச் சிறிதளவு செலுத்தி இரண்டாம் ஊசி. பிரிட்டனில் பரோஸ் வெல்கம் நிறுவனமும் அமெரிக்காவில் லெடர்லி நிறுவனமும் இதைத் தயாரித்தன. கடினமான முறை, விலையும் அதிகம். ஆனாலும் இந்த நோய்க்கு முதன்முதலாகக் கைகொடுத்த தடுப்பு இது.

இதற்காகச் செத்த நாய்களையும் ஃபெரட்டுகளையும் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் நாயை அறுப்பதை எதிர்த்து இங்கிலாந்தில் பெரிய கிளர்ச்சி நடந்திருந்தது. அப்படி இறந்த ஒரு பழுப்பு நாய்க்கு 1906-ல் லண்டன் பேட்டர்சீயில் சிலை வைத்தார்கள், அதை முன்வைத்துத் தெருச்சண்டையே மூண்டது, 1910-ல் நகராட்சி சிலையை அகற்றியது. நாயை ஆய்வுக்குப் பயன்படுத்தத் தடை கோரும் மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தன. அந்தச் சூழலில் நாய்ப்பிரியர்களே நாய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது விஞ்ஞானிகளுக்குப் பெரிய வாதமாக அமைந்தது. நாய்க்காக நாய் என்றார்கள். என்னால் அந்த வாதத்தை முழுக்க ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. மில் ஹில் வளாகத்தில் பிறந்த நாய்களுக்கு எந்தத் தேர்வும் இருக்கவில்லை. அவை இல்லாமல் தடுப்பூசி வந்திருக்காது என்பதும் மெய்.

பிறகு நடந்தது கொடையாளர் யாரும் கேட்காதது. 1933-ல் லண்டனில் இன்ஃபுளூயன்சா பரவியபோது, அதே நிலையத்தின் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் நோயாளிகளின் தொண்டைநீரை வடிகட்டி ஃபெரட்டுகளின் மூக்கில் விட்டார்கள். அவற்றுக்குக் காய்ச்சல் வந்தது, தும்மின. 1918-ல் உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்ற நோயின் காரணி பாக்டீரியா அல்ல, வைரஸ் என்பது அந்த ஜூலையில் லான்செட் இதழில் வெளியாயிற்று. ஃபெரட்டைக் கையாளும் பழக்கமும் வைரஸ் நோய்க்கு அதைச் சோதனை விலங்காக்கும் எண்ணமும் டிஸ்டெம்பர் வேலையிலிருந்து வந்தவை. இங்கேயும் பெயரைப் பாருங்கள். இன்ஃபுளூயன்சா இத்தாலியச் சொல். விண்மீன்களின் ‘செல்வாக்கு’ பூமியில் பாய்ந்து கொள்ளைநோயைக் கொண்டுவருகிறது என்ற நம்பிக்கையில் பிறந்தது. 1743-ல் ஐரோப்பாவில் பரவிய நோயோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. உடல்நீர்மக் கோட்பாட்டின் பெயர் கொண்ட நோய்க்காகத் திரட்டிய பணம், சோதிடத்தின் பெயர் கொண்ட நோயைத் திறந்து காட்டியது. இன்றும் ஆண்டுதோறும் காய்ச்சல் ஊசியில் எந்தெந்த வைரஸ் வகையைச் சேர்ப்பது என்று முடிவெடுக்க ஃபெரட்டின் குருதிநீரைச் சோதனைக்கு எடுக்கிறார்கள்.

பெயரின் பயணம் அதோடு நிற்கவில்லை. 1939-ல் அமெரிக்காவின் ராபர்ட் கிரீன், வைரஸை ஃபெரட்டிலிருந்து ஃபெரட்டுக்குத் திரும்பத் திரும்ப மாற்றி வீரியம் குறைத்து, ‘டிஸ்டெம்பராய்ட்’ என்று பெயரிட்டார். பிற்காலத்து ஒற்றை ஊசிகளுக்கு அது வழி திறந்தது. 1940-களின் இறுதியில் பிரிட்டனில் உள்ளங்கால் தடித்த நாய்களைப் பார்த்து ‘ஹார்டு பேட்’ என்ற புது நோய் வந்துவிட்டதாக எழுதினார்கள். கடைசியில் அதுவும் பழைய டிஸ்டெம்பரே என்று தெரிந்தது. 1988-ல் வடகடலில் ஏறக்குறைய 18,000 கடல்நாய்கள் செத்துக் கரையொதுங்கின. காரணமான வைரஸ் நாய் வைரஸின் உறவு என்று கண்டதும் அதற்கும் டிஸ்டெம்பர் என்றே பெயரிட்டார்கள். 1994-ல் செரெங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்ததும், 2018-ல் நம் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது பிடிபட்டதும் நாயின் இந்த வைரஸ்தான். வைரஸ் வகைப்பாட்டில் அதன் பேரினப் பெயர் மார்பிலிவைரஸ். இடைக்கால இலத்தீனில் தட்டம்மைக்கு ‘சிறிய நோய்’ என்று பொருள்படும் ‘மார்பில்லி’ என்ற பெயர் இருந்தது, அதிலிருந்து வந்தது. வெக்கை நோயின் வைரஸும் இந்தக் குடும்பமே. அது 2011-ல் உலகிலிருந்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒருகாலத்தில் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்ட மாட்டுநோயும் நாய்நோயும் உண்மையிலேயே உறவு என்று தெரியவந்தது எவ்வளவோ காலம் கழித்துத்தான்.

ஃபீல்ட் நிதியின் வழியில் இன்று பல அமைப்புகள் இயங்குகின்றன. கால்நடை மருத்துவர் மார்க் மோரிஸ் 1948-ல் அமெரிக்காவில் தொடங்கிய மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012 முதல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன் ரிட்ரீவர் நாய்களை வாழ்நாள் முழுதும் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. அமெரிக்கக் கென்னல் சங்கத்தின் நாய்நல அறக்கட்டளை 1995-ல் பிறந்தது. வளர்ப்போர் சங்கங்களும் தனியாட்களும் தரும் பணம் அதன் வழியாகப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறது. புற்றுநோய், வலிப்பு, இதயநோய் என்று தங்கள் நாயைக் கொன்ற நோயின் பெயரைச் சொல்லித்தான் பலரும் கொடுக்கிறார்கள். கொடையை வாங்குபவர்கள், அந்தப் பெயருக்குள் ஒரு நோய் இருக்கிறதா பல இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே முதல் சில ஆண்டுகள் போகும் என்பதைக் கொடுப்பவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மில் ஹில்லில் அந்த ஆண்டுகளுக்குப் பொறுமை காட்டிய கொடையாளர் இருந்தார்கள்.

டிஸ்டெம்பரில் பாக்கி வேலையும் நிறைய இருக்கிறது. வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் மருத்துவர் கையில் இல்லை. சலைன் ஏற்றி, கூடவே வரும் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்து, வலிப்பை அடக்கிக் காத்திருப்பதுதான் சிகிச்சை. மூளையைத் தொட்டுவிட்டால் பிழைத்த நாய்க்கும் தசை வெட்டிவெட்டி இழுப்பது வாழ்நாள் முழுக்க நிற்பதில்லை. தடுப்பூசிக்கும் ஒரு இடர் உண்டு: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசியையும் சேர்த்து முறித்துவிடும். அந்தக் காவல் எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால் ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரே ஊசியோடு நிறுத்தப்பட்ட குட்டிகள்தாம் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன.